கேமராவோடு பிரிட்டன் போகும் மாணவர்களுக்கு

பிரிட்டனில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர், ஐந்து பத்து பவுண்டுக்காக விசாவையே பணயம் வைக்கிறோம் என்று தெரியாமல் படம் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மாணவி வடகிழக்குக் கடற்கரைக்குப் போய் பஃபின் பறவையை அருமையாகப் பிடித்துவிட்டு, அந்தப் படங்களை ஒரு ஸ்டாக் போட்டோ தளத்தில் ஏற்றுகிறார். மாதக் கடைசியில் சில்லறையாகக் காசு வருகிறது. இன்னொருவர் ரிச்மண்ட் பூங்கா மான்களை யூடியூபில் போட்டு விளம்பர வருமானம் வாங்குகிறார். வேறொருவர் ஆற்றங்கரையில் மீன்கொத்திப் பொந்துக்கு எதிரே முக்காலியை நிறுத்திவிட்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். மூவருமே யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்கள். ஆனால் முதல் இருவர் விசா நிபந்தனையை மீறியிருக்கிறார்கள். மூன்றாமவர் செய்தது சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம்.

இதற்கு நேர்மாறான ஒரு கூட்டமும் உண்டு. பூங்காவில் செக்யூரிட்டி ஒருவர் அதட்டியதும் நடுங்கிப்போய், மெமரி கார்டில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அறைக்குத் திரும்புகிறவர்கள். அழிக்கச் சொல்ல அந்தக் காவலருக்கு எந்த அதிகாரமும் இல்லை. பயப்பட வேண்டிய இடத்தில் பயமில்லை, பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயம். இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்கும் கன்சல்டன்சிகள் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன, நாற்பது பக்க பிடிஎஃப்பின் ஏதோ ஒரு மூலையில்.

முதலில் விசா. பிரிட்டன் மாணவர் விசாவில் வேலை செய்வதற்கு இரண்டு விதமான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மணிக்கணக்குக் கட்டுப்பாடு எல்லோருக்கும் தெரியும்: பட்டப்படிப்பு, முதுகலை மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம், பட்டத்துக்குக் கீழான படிப்பென்றால் 10 மணி நேரம். வாரம் என்பது திங்கள் தொடங்கி ஞாயிறு முடிய. இரண்டாவது கட்டுப்பாடுதான் யார் காதிலும் விழுவதில்லை. மாணவர் விசாவில் சுயதொழில் செய்யவே கூடாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்றாலும் கூடாது, விடுமுறையிலும் கூடாது. ஃப்ரீலான்ஸ் முறையில் படம் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குவது, பிரிண்ட் போட்டு விற்பது, தளங்கள் வழியாக உரிமம் விற்பது எல்லாமே சுயதொழில்தான். பணம் வரும் யூடியூப் சேனலையும் இன்ஸ்டாகிராம் விளம்பரப் பதிவையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பல பல்கலைக்கழகங்கள் எச்சரித்திருக்கின்றன.

“பணம் இங்கிலாந்துக்கே வரவில்லை, அப்பாவின் சென்னைக் கணக்குக்குத்தான் போகிறது” என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். அது செல்லாது. பணம் எங்கே இறங்குகிறது என்பது இங்கே கேள்வியே அல்ல. நீங்கள் பிரிட்டனில் இருந்துகொண்டு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. சென்னையில் உள்ள ஒரு பத்திரிகைக்கோ நிறுவனத்துக்கோ லண்டன் அறையில் உட்கார்ந்து காசுக்குப் படம் திருத்திக் கொடுத்தாலும் அது வேலைதான்.

நம்மவர்கள் இன்னொரு இடத்திலும் மாட்டுகிறார்கள். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் தமிழ்க் குடும்பங்களின் பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள், கல்யாணம் என்று வாரந்தோறும் ஏதாவது ஒன்று இருக்கும். பறவைக்காக வாங்கிய லென்ஸ் கையில் இருக்கிறது, கூப்பிடுகிறார்கள், கையில் காசு கொடுக்கிறார்கள். தெரிந்த அண்ணன்தானே, அக்காதானே என்று போகிறார்கள். போகாதீர்கள். அதே வேலையை ஒரு ஸ்டூடியோ உங்களை ஊழியராக முறைப்படி சேர்த்துக்கொண்டு, ஒப்பந்தம் கொடுத்து, வரி பிடித்து, பே ஸ்லிப்போடு சம்பளம் தந்தால் 20 மணிக்குள் தாராளமாகச் செய்யலாம். கையில் கேமரா இருப்பது இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் உங்களுக்கு முதலாளி இருக்கிறார், மற்றதில் நீங்களே முதலாளி. சட்டம் பார்ப்பது அந்த வித்தியாசத்தை மட்டும்தான்.

முதுகலை மாணவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கோடையில் வகுப்பு இல்லாததால் அது விடுமுறை என்று நினைத்து முழுநேர வேலைக்குப் போகிறார்கள். ஓராண்டு மாஸ்டர்ஸ் படிப்பில் ஜூன் முதல் ஆய்வேடு எழுதும் மாதங்களும் பெரும்பாலும் கல்விப் பருவமாகவே கணக்கிடப்படுகின்றன. 20 மணி வரம்பு அப்போதும் உண்டு. உங்கள் படிப்பின் பருவத் தேதிகளைத் துறை அலுவலகத்திலிருந்து கடிதமாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பன் சொன்ன தேதி அதிகாரியிடம் செல்லாது.

நிபந்தனையை மீறினால் என்ன ஆகும்? விசாவை இடையிலேயே ரத்து செய்யலாம், நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லலாம், அடுத்து போடும் எந்த விசா விண்ணப்பத்திலும் இது குறுக்கே வந்து நிற்கலாம். வீட்டை அடமானம் வைத்து அனுப்பிய பெற்றோருக்கு இதை எப்படிச் சொல்வது?

ஆகவே செய்ய வேண்டியது இது. முதலில் உங்கள் ஈவிசா கணக்கைத் திறந்து, அதில் எழுதியிருக்கும் வேலை நிபந்தனையை நீங்களே படியுங்கள். பிறகு படம் தொடர்பாகப் பணம் வரக்கூடிய எதையும் தொடங்குவதற்கு முன், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசனைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். நேரில் போய்க் கேட்டுவிட்டு வருவது போதாது. எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். கேள்வியும் பொத்தாம்பொதுவாக இருக்கக்கூடாது. “நான் போட்டோகிராபி செய்யலாமா” என்று கேட்டால் “செய்யலாம்” என்றுதான் பதில் வரும், அது எதற்கும் உதவாது. “நான் எடுத்த பறவைப் படங்களை இன்ன தளத்தில் உரிமத்துக்கு விற்றால், விற்பனைக்கு இவ்வளவு சதவீதம் எனக்கு வரும். இது என் மாணவர் விசாவின் சுயதொழில் தடையை மீறியதாகுமா?” என்று கேளுங்கள். போட்டிகளில் வரும் பரிசுப் பணத்துக்கும் இதே முறைதான். போட்டியில் படம் அனுப்புவது தொழில் ஆகிவிடாது, ஆனால் சில போட்டிகள் பரிசோடு சேர்த்து விற்பனை ஒப்பந்தத்தையும் நீட்டுகின்றன. விதிமுறைப் பக்கத்தை மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பிக் கேளுங்கள். யூகேசிசா என்ற சர்வதேச மாணவர்களுக்கான அமைப்பும் தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை தருகிறது.

ஏற்கெனவே விற்றுவிட்டேன், என்ன செய்வது என்று கேட்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். விற்பனையை இன்றைக்கே நிறுத்துங்கள். ஆனால் பதற்றத்தில் கணக்கை அழிக்காதீர்கள். எவ்வளவு வந்தது, எப்போது வந்தது என்பதற்கு அந்தக் கணக்குதான் ஆதாரம். பல்கலைக்கழகத்துக்கு விசா ஸ்பான்சர் என்ற முறையில் சில தகவல்களை உள்துறைக்குத் தெரிவிக்கும் கடமை உண்டு. அதனால் முதலில் மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையத்துக்குப் போங்கள். பெரும்பாலான இடங்களில் அது பல்கலைக்கழக நிர்வாகத்திலிருந்து தனித்து இயங்குகிறது. பேசத் தொடங்கும் முன்பே “நான் சொல்வது ரகசியமாக இருக்குமா, யாருக்காவது தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு உண்டா” என்று கேட்டுவிடுங்கள். வெளியே ஆலோசகரைத் தேடினால் அவர் சொலிசிட்டராக இருக்க வேண்டும், அல்லது இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை ஓஐஎஸ்சி என்று இருந்த அமைப்புதான் இது. பதிவு பெற்றவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, பெயரைப் போட்டுப் பாருங்கள். சொலிசிட்டர் போன்ற தகுதியும் இல்லாமல், பட்டியலிலும் இல்லாமல் ஒருவர் விசா ஆலோசனை தொழிலாகச் செய்வதே அங்கே குற்றம். வாட்ஸ்அப் குழுவில் “நான் பார்த்துக்கிறேன் தம்பி” என்று சொல்லும் அண்ணன்களிடம் விசாவைக் கொடுத்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

படிப்பு முடிந்து, நம் பிள்ளைகள் பிஎஸ்டபிள்யூ என்று சொல்லும் கிராஜுவேட் விசாவுக்கு மாறியபின் சுயதொழில் செய்ய அனுமதி உண்டு. அதுவரை படங்களைச் சேர்த்து வையுங்கள். நல்ல பஃபின் படம் ஓராண்டில் கெட்டுப்போய்விடாது.

அடுத்து பறவைகள். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம் எல்லாக் காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் பாதுகாக்கிறது. அதன் முதல் அட்டவணையில் உள்ள பறவைகளுக்கு இன்னும் ஒரு படி கூடுதல் காவல். அவை கூடு கட்டும்போதோ, முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டில் அல்லது கூட்டின் அருகில் இருக்கும்போதோ தொந்தரவு செய்வதே குற்றம். தொடவேண்டும் என்பதில்லை, கல்லெறிய வேண்டும் என்பதில்லை. பறவை உங்களால் கூட்டைவிட்டு எழுந்தால் போதும். கூகை, மீன்கொத்தி, பைரி, பொன்னாங்கழுகு, வெண்வால் கடற்கழுகு, விரால் அடிப்பான், கோணமூக்கு உள்ளான், சின்ன ஆலா எல்லாம் அந்த அட்டவணையில் இருக்கின்றன. நம் ஊர்க் குளத்தங்கரையில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் அதே சிறிய மீன்கொத்தி இனம்தான் அங்கே இந்தக் காவலில் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்டனை ஆறு மாதம் வரை சிறை, உச்சவரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும். வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. விளைவைப் பற்றிக் கவலைப்படாமல் அசட்டையாகச் செய்திருந்தாலும் குற்றம்தான். “எனக்குத் தெரியாது” என்பது வாதமாகாது.

தொந்தரவு என்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆற்றின் செங்குத்தான மண்கரையில் சிறிய பொந்து. அதன் கீழே வெள்ளையாக எச்சம் வழிந்திருக்கும். மீன்கொத்தி ஒரு சிறு மீனோடு வந்து எதிர்க் கிளையில் உட்காருகிறது. மீனின் தலை வெளிப்பக்கம் பார்த்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது குஞ்சுக்கு. தான் தின்பதாக இருந்தால் தலையைத் தன் தொண்டைப் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கும். குஞ்சுக்கான மீனோடு கிளையிலேயே உட்கார்ந்து, தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, பொந்துக்குள் போகாமல் இருக்கிறதென்றால் நீங்கள் அதன் வழியில் நிற்கிறீர்கள். அந்த நேரத்தில் எடுக்கும் படம்தான் பளிச்சென்று வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருக்கும் ஐந்தாறு குஞ்சுகள் பசியில் கிடக்கின்றன. உடனே விலகிப் போங்கள். லென்ஸை மாற்றிவிட்டுப் போகிறேன், இன்னும் ஒரு படம் எடுத்துவிட்டுப் போகிறேன் என்பதெல்லாம் கூடாது.

போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இதே வகை. பறவையை அடையாளம் காண உதவும் செயலிகள் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன, அவற்றில் குரல் பதிவும் இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் அதைக் கூட்டருகே ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் போட்டிக்கு வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்துப் பறவை கூட்டை விட்டு ஓடிவரும். அட்டவணைப் பறவை என்றால் இதுவே வழக்காகலாம்.

கூட்டருகே உண்மையிலேயே படம் எடுக்க வேண்டிய தேவை, ஆய்வுக்கோ பாடத்துக்கோ இருந்தால் அதற்கு உரிமம் இருக்கிறது. இங்கிலாந்தில் நேச்சுரல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் நேச்சர்ஸ்காட், வேல்ஸில் நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ் என்று மூன்று அலுவலகங்கள். வட அயர்லாந்துக்குச் சட்டமே தனி. ஒரு நாட்டில் வாங்கிய உரிமம் எல்லை தாண்டினால் செல்லாது. விண்ணப்பத்தில் எந்தப் பறவை, எந்த இடம், எந்த மாதம், என்ன முறை, உங்களுக்கு என்ன அனுபவம் என்று கேட்பார்கள். நில உரிமையாளரின் சம்மதம் வேறு, உரிமம் வேறு. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று எண்ணாதீர்கள். கூடு கட்டும் பருவம் வந்தபின் விண்ணப்பித்தால் காலம் கடந்துவிடும், குளிர்காலத்திலேயே எழுதுங்கள். அனுபவமில்லாத முதலாண்டு மாணவருக்கு உரிமம் கிடைப்பது கடினம். அது நியாயமும்கூட. வனஉயிரியல் படிப்பவர்கள் தங்கள் வழிகாட்டியின் உரிமத்தின்கீழ் பெயர் சேர்க்க முடியுமா என்று துறையில் கேளுங்கள்.

உரிமமே தேவைப்படாத நல்ல இடங்கள் எத்தனையோ இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும். யார்க்‌ஷயரின் பெம்ப்டன் கிளிஃப்ஸில் மேடையில் நின்றபடியே கேனட் பறவைகளையும் பஃபின்களையும் பார்க்கலாம். சஃபோக்கின் மின்ஸ்மியரில் மறைவிடக் குடில்கள் உண்டு. லண்டனுக்குள்ளேயே பார்ன்ஸ் பகுதியில் ஈரநில மையம் இருக்கிறது. சீஹவுசஸ் துறையிலிருந்து ஃபார்ன் தீவுகளுக்குப் படகு போகிறது. பஃபின் அட்டவணைப் பறவை அல்ல என்பதற்காகப் பாதையை விட்டு இறங்காதீர்கள். அது மண்ணுக்குள் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. நீங்கள் மிதிக்கும் புல்லுக்கு அடியில் குஞ்சு இருக்கும், வளை சரிந்தால் வெளியே தெரியக்கூடத் தெரியாது.

நவம்பர், டிசம்பரில் லிங்கன்‌ஷயரின் டோனா நூக் கடற்கரையில் சாம்பல்நிறக் கடல்நாய்கள் குட்டி போடுகின்றன. வெள்ளை ரோமத்தோடு தனியே கிடக்கும் குட்டியைப் பார்த்ததும் “பாவம், அம்மா விட்டுட்டுப் போயிடுச்சு” என்று அருகில் போவார்கள். அம்மா போகவில்லை, நீங்கள் இருப்பதால் கரையேறாமல் இருக்கிறது. குட்டியைக் கடலுக்குள் தள்ளிவிடுவது இன்னும் மோசம், முதல் சில வாரங்கள் அது நிலத்தில்தான் இருக்க வேண்டும். காயமோ மெலிவோ தெரிந்தால் கடல்வாழ் உயிர் மீட்புக் குழுவான பிடிஎம்எல்ஆருக்குப் போன் செய்துவிட்டுத் தூரத்தில் நில்லுங்கள். ரிச்மண்ட் பூங்கா மான்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்கும்படி பூங்கா நிர்வாகம் சொல்கிறது. செப்டம்பர், அக்டோபரில் கலைமான்கள் மோதிக்கொள்ளும் நேரத்தில் அந்த 50 மீட்டரும் குறைவு. மான்களுக்குத் தீனி போடுவதற்கும் தடை உண்டு.

கூட்டைக் கலைப்பவர்களையோ முட்டை எடுப்பவர்களையோ நீங்கள் பார்த்தால், அந்த நேரத்திலேயே நடந்துகொண்டிருந்தால் 999, நடந்து முடிந்திருந்தால் 101. வனவிலங்குக் குற்ற அதிகாரியோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். சம்பவ எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். எண் இல்லாத புகார் காற்றோடு போய்விடும். நீங்களே போய்ச் சண்டை போட வேண்டாம். உங்கள் கூட்டுப் படங்களைப் பொதுவில் போடும்போது அதிலுள்ள ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள், முட்டைத் திருடர்களும் இன்ஸ்டாகிராம் பார்க்கிறார்கள்.

இனி உங்கள் உரிமை. பொது இடத்தில் நின்று படம் எடுக்க பிரிட்டனில் யாருடைய அனுமதியும் தேவையில்லை. தனியார் நிலம் என்றால் செக்யூரிட்டி உங்களை வெளியேறச் சொல்லலாம், நீங்கள் வெளியேற வேண்டும். அவ்வளவுதான். கேமராவைப் பிடுங்கவோ கார்டைக் கேட்கவோ படத்தை அழிக்க வைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. போலீஸ் விஷயம் வேறு. 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்கீழ், நியாயமான சந்தேகம் இருந்தால் உங்களைச் சோதித்துக் கேமராவில் உள்ள படங்களைப் பார்க்கலாம். அப்போதும் அழிக்கும் அதிகாரம் போலீசுக்கு இல்லை. சோதனை செய்தால் “எந்தச் சட்டத்தின்கீழ், என்ன காரணம்” என்று மரியாதையாகக் கேளுங்கள், அதிகாரியின் தோள்பட்டை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், சோதனைப் பதிவின் நகலைக் கேளுங்கள். உடனே தராவிட்டாலும் மூன்று மாதத்துக்குள் கேட்டு வாங்க உரிமை உண்டு. ராணுவ இடங்களில் மட்டும் விளையாட்டு வேண்டாம். டோனா நூக் கடற்கரையே விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சி இடம். சிவப்புக் கொடி ஏறியிருந்தால் உள்ளே போகக்கூடாது.

எந்தக் காரணத்துக்காக ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனாலும் டியூட்டி சொலிசிட்டரைக் கேளுங்கள். எந்த நாட்டவராக இருந்தாலும் ஸ்டேஷனில் சட்ட ஆலோசனை இலவசம், தேவைப்பட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். “காஷன் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடு” என்பார்கள். சொலிசிட்டரிடம் பேசாமல் அதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. காஷன் என்பது குற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும், பிறகு விசா விண்ணப்பங்களில் அதைச் சொல்லியாக வேண்டும். சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

டிரோன் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2026 ஜனவரி 1 முதல் 100 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள கேமரா டிரோனுக்கு, சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டியிடம் ஃபிளையர் ஐடி, ஆப்பரேட்டர் ஐடி இரண்டும் வாங்க வேண்டும். சின்ன டிரோன்தானே என்ற பழைய பேச்சு இனி எடுபடாது. நேஷனல் டிரஸ்ட் நிலங்களிலும் லண்டன் ராயல் பூங்காக்களிலும் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. கூடு கட்டும் பாறைகளுக்கு மேலே பறக்கவிட்டால் மேலே சொன்ன பறவைச் சட்டமும் வந்து சேரும்.

உங்கள் படத்தை வேறொருவர் திருடிப் போட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள்: படத்தின் பதிப்புரிமை எடுத்த நொடியிலேயே உங்களுடையது. அங்கே அதைப் பதிவு செய்யும் அலுவலகமே கிடையாது. ரா ஃபைலை அழிக்காமல் வைத்திருப்பதுதான் உங்கள் பத்திரம். திருடிய பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நீக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், லண்டனில் உள்ள அறிவுசார் சொத்து நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவில் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைக்கு வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம்.

உயிர் விஷயத்துக்கு வருகிறேன். 2017இல் சசெக்ஸின் செவன் சிஸ்டர்ஸ் பாறை விளிம்பில் தென்கொரிய மாணவி ஒருவர் படத்துக்காகத் துள்ளிக் குதித்தபோது விழுந்து இறந்தார். 2024 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் லின் ஆஃப் டம்மல் அருவிப் பகுதியில் இந்திய மாணவர்கள் இருவர் நீரில் விழுந்து இறந்தார்கள். செவன் சிஸ்டர்ஸின் சுண்ணப்பாறை விளிம்புகள் கீழே குடைந்து மேலே தொங்கிக்கொண்டிருப்பவை. மேலே நிற்பவருக்கு அது தெரியாது. ஸ்காட்லாந்து ஆற்று நீரில் ஏப்ரலிலும் குளிர் உடம்பை முடக்கிவிடும், தாமிரபரணியில் நீச்சல் பழகியது அங்கே உதவாது. விளிம்பிலிருந்து விலகி நில்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன், விலகி நில்லுங்கள்.

புறப்படுவதற்கு முன் போனில் ஒரு வேலை. ஆங்கிலத்தில் ரெஜிஸ்டர் என்று டைப் செய்து 999க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், வரும் பதிலுக்கு யெஸ் என்று அனுப்புங்கள். பேசும் அளவுக்கு சிக்னல் இல்லாத மலையிலும் குறுஞ்செய்தி மூலம் உதவி கேட்க இந்தப் பதிவு தேவை. ஆபத்து வந்தபின் பதிவு செய்ய நேரம் இருக்காது. மலையில் 999 அழைத்தால் முதலில் போலீஸைக் கேட்டு, பிறகு மவுண்டன் ரெஸ்கியூ என்று சொல்லுங்கள். கடற்கரையில் கோஸ்ட்கார்டைக் கேளுங்கள். மீட்புக்குப் பணம் கேட்க மாட்டார்கள். பில் வருமோ என்று தயங்கி இருட்டும்வரை காத்திருக்காதீர்கள்.

உண்ணியைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ரிச்மண்ட் பூங்காவிலும் நியூ ஃபாரஸ்ட்டிலும் ஸ்காட்லாந்து மலைகளிலும் புல்லில் முழங்கால் போட்டுப் படம் எடுப்பவர்களின் காலில் அது ஏறும். மாட்டு உண்ணியைப் பார்த்து வளர்ந்தவர்கள் பிய்த்துப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். அங்குள்ள சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்புகின்றன. கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள், நசுக்காதீர்கள். ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் வட்டமாகப் பரவும் தடிப்பு வந்தால் ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் போங்கள், உண்ணி கடித்த தேதியையும் இடத்தையும் சொல்லுங்கள். நம் கருத்த தோலில் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரியாது, வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுத்து வைத்திருங்கள். விசாவுக்கே ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். ஆனாலும் படிப்பு முடியும்வரை ஜிபியிடம் பதிவே செய்யாத மாணவர்கள் இருக்கிறார்கள். போன முதல் வாரத்திலேயே பதிவு செய்யுங்கள். முகவரிச் சான்று இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அது கட்டாயமில்லை என்று என்ஹெச்எஸ்ஸே சொல்லியிருப்பதை எடுத்துக் காட்டுங்கள்.

கடைசியாக, ஊருக்கு வந்துபோகும் விஷயம். இந்தியாவில் வாங்கிய கேமராவோடு கிளம்பும்போது, சென்னை விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன் சுங்கத்துறை கவுன்டரில் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். கேமராவின் எண், ஒவ்வொரு லென்ஸின் எண் எல்லாம் அதில் ஏற வேண்டும், பில்லைக் கையில் வைத்திருங்கள். கவுன்டரில் ஆள் இல்லை, “அதெல்லாம் வேண்டாம், போங்க” என்று அனுப்பினால் மேலதிகாரியைக் கேளுங்கள். அதற்காகவே ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் திரும்பி வரும்போது, உங்கள் சொந்தக் கேமராவுக்கே வரி கேட்டால் வாதாட உங்களிடம் ஒன்றும் இருக்காது. அங்கே வாங்கிய டிரோனை இங்கே கொண்டுவராதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை, பறிமுதல் செய்வார்கள். ஸ்காட்லாந்து மலைக்காக வாங்கிய கார்மின் இன்ரீச் போன்ற சாட்டிலைட் கருவியும் அப்படியே. அனுமதியின்றி அதை இந்தியாவில் வைத்திருந்ததற்காக விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது பையின் பக்கவாட்டு அறையையும் ஒருமுறை திறந்து பார்த்து, அதை எடுத்து அங்குள்ள நண்பரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.